டேபிளா ஸ்டைல்ஷீட்டா? காசிமேடு மீன் கடைக்கு ஒரு பேஜ் கட்டிப் பாக்கலாம்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கம்ப்யூட்டர் சென்டர்ல எச்டிஎம்எல் கத்துக்கிட்டு வர்ற நம்ம பசங்க நிறைய பேரு மொத வேலையா தெருவுல தெரிஞ்ச கடை ஒன்னுக்குத்தான் வெப்சைட் பண்ணிக் குடுக்கறாங்க, ரொம்ப நல்ல விஷயம் அது, ஆனா அதுல பல பேரு முழு பேஜையும் ஒரு பெரிய டேபிளுக்குள்ள போட்டு அடைச்சி வச்சிடறாங்க. மேல ஒரு ரோ லோகோவுக்கு, இடது பக்கம் ஒரு செல் மெனுவுக்கு, நடுவுல விஷயம், வலது பக்கம் போன் நம்பர். சென்டர்ல இருக்கிற பெரிய மானிட்டர்ல பாத்தா சூப்பரா இருக்கும். கடைக்காரரோட கஸ்டமர் எல்லாம் பாக்கறது போன்ல, அங்க எழுத்து எறும்பு சைஸ்ல தெரியும், ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பாக்கணும்.

அதனால இன்னிக்கு ஒரு பேஜ கைல எடுத்துக்கலாம். காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அக்கா, வீட்டுக்கும் டெலிவரி பண்றாங்கன்னு வச்சிக்குவோம். அவங்க பேஜ்ல கடை பேரு, ஒரு சின்ன மெனு, இன்னைய விலைப்பட்டியல், மீன் போட்டோங்க, டெலிவரி ஏரியா, போன் நம்பர், அவ்ளோதான். இதுல எத டேபிள்ல போடணும் எத ஸ்டைல்ஷீட்டுக்கு (பேஜ் எப்படித் தெரியணும்னு தனியா எழுதற சிஎஸ்எஸ் ஃபைல்) விடணும்னு பாக்கலாம். ஒன்னு மட்டும் சொல்லிடறேன், கட்டளைங்கள எல்லாம் இங்க தமிழ்ல எழுதறேன், எடிட்டர்ல நீங்க இங்கிலீஷ்லதான் அடிக்கணும், பிராப்பர்ட்டி பேருலயோ, பார்டர் பாக்ஸ், ஆட்டோ ஃபிட் மாதிரி அதுக்குக் குடுக்கற மதிப்புலயோ ரெண்டு மூனு வார்த்தை சேந்து ஒரே பேரா வந்தா நடுவுல ஹைஃபன் போட்டுக்கோங்க.

எது டேபிள், எது டேபிள் இல்ல

ஒரு செல்லுல விரல வச்சி, அந்த ரோவோட (குறுக்கு வரிசை) பேரையும் காலத்தோட (இங்க காலம்னா மேல இருந்து கீழ போற வரிசை) பேரையும் சேத்து வாய் விட்டுப் படிங்க. "சங்கரா, சுத்தம் பண்ணினது, கிலோ 480" அப்படின்னு அர்த்தம் வந்தா அது நெஜமான டேபிள், அத கண்ண மூடிக்கினு டேபிள் டேக்லயே போடுங்க. அதே மாதிரி மெனு இருக்கிற செல்லையும் போன் நம்பர் இருக்கிற செல்லையும் படிச்சிப் பாருங்க, "இடது பக்கம், மெனு"ன்னு வரும், அதுல இடதுங்கறது வெறும் இடம், தகவல் கெடையாது. எடத்த முடிவு பண்றது ஸ்டைல்ஷீட்டோட வேல. மீன் போட்டோங்கள மூனு மூனா அடுக்கினாலும் அது டேபிள் ஆயிடாது, ஏன்னா ரெண்டாவது காலத்துல வஞ்சிரம் இருக்கறதுக்கும் மூனாவது காலத்துல கடம்பா இருக்கறதுக்கும் ஒரு காரணமும் இல்ல, மாத்தி வச்சாலும் ஒன்னும் கெட்டுப் போகாது. விலைப்பட்டியல்ல காலத்த மாத்திப் போட்டா கஸ்டமர் சண்டைக்கே வந்துடுவாரு.

அப்போ இத்தன வருஷமா ஏன் எல்லாரும் டேபிள்லயே கட்டினாங்கன்னு கேக்கலாம். அன்னிக்கு அவங்களுக்கு வேற வழி இல்ல, அத கொற சொல்லவே முடியாது. 1995-ல நெட்ஸ்கேப்னு அப்ப இருந்த பிரவுசரோட 1.1 பதிப்புல டேபிள் வந்துச்சு, பேஜ்ல ரெண்டு விஷயத்த பக்கத்துல பக்கத்துல வைக்க அதுதான் கைக்குக் கெடச்ச வழி. ஸ்டைல்ஷீட் எழுதற சிஎஸ்எஸ்ஸ ஹோகன் வியூம் லீன்றவரு 1994 அக்டோபர்லயே முன்வச்சாரு, மொத பதிப்பு 1996 டிசம்பர்ல வெப்புக்கு ஸ்டாண்டர்டு போடற டபிள்யூ3சி அமைப்பு மூலமா வந்துச்சு, ஆனா பிரவுசருங்க ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி காட்டும். விண்டோஸ்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 ஒரு பெட்டியோட அகலத்துல பேடிங்கையும் (உள்ள விடற இடைவெளி) பார்டரையும் (சுத்தி இருக்கிற கோடு) உள்ள சேத்தே கணக்கு பண்ணும், ஸ்டாண்டர்டு சொன்னது வேற கணக்கு. அதனால டேபிளுக்குள்ள டேபிள், அதுக்குள்ள இன்னொரு டேபிள், இடைவெளிக்கு கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் ஜிஃப் படம், இப்படித்தான் அந்தக் காலத்து சைட்டுங்க நின்னுச்சு. 1999 டிசம்பர்ல வந்த எச்டிஎம்எல் 4.01-லயே லேஅவுட்டுக்காக (எது எங்க நிக்கணும்ங்கறதுக்காக) மட்டும் டேபிள் போடாதீங்கன்னு எழுதிட்டாங்க. அதுக்கு ஈடா வேலை செய்யற கருவி கைக்கு வரத்தான் லேட் ஆச்சு. நடுவுல கொஞ்ச வருஷம் பெட்டிய ஒரு பக்கமா ஒதுக்கற ஃப்ளோட்ட வச்சி ஓட்டினாங்க, அப்புறம் வரிசையா அடுக்கற ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கடைசியா 2017 மார்ச்ல குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூனுலயும் பேஜ ரோவாவும் காலமாவும் பிரிக்கிற கிரிட் வந்துடுச்சு. அதுக்கப்புறம் லேஅவுட்டுக்கு டேபிள் போடறதுக்கு ஒரு காரணமும் மிச்சம் இல்ல, பழைய சிலபஸ் மட்டும்தான் மிச்சம்.

தடைக்கால அறிவிப்பு ஒன்னு போட்டுப் பாருங்க

டேபிள் லேஅவுட்ல எங்க வலிக்கும்னு இதுல நல்லா தெரியும். வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது. வரத்து கம்மி, விலை ஏறும், அக்கா வந்து "தம்பி, மேல ஒரு பட்டை போடு, தடைக்காலம், வஞ்சிரம் முன்னாடியே சொன்னாத்தான் கெடைக்கும்னு எழுது"ன்றாங்க. டேபிள் பேஜா இருந்தா புதுசா ஒரு டிஆர் (ரோ), அதுல ஒரு டிடி (செல்), மூனு காலத்துக்கும் நீள அதுக்கு கால்ஸ்பேன் 3 குடுக்கணும், அத மறந்தா பட்டை மொத காலத்துக்குள்ளயே அடைஞ்சிக்கினு நிக்கும். அதோட பட்டையில நீளமா ஒரு வார்த்தை இருந்தா காலம் அகலமே மாறிடும், ஏன்னா டேபிள் தன்னோட அகலத்த எல்லா செல்லுலயும் இருக்கிற விஷயத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணும். ஸ்டைல்ஷீட் பேஜ்ல இதுக்கு ஒரு பாராகிராஃப் சேக்கணும், ஜூன் 15 காலைல எடுத்துடணும். வேற எங்கயும் கை வைக்க வேண்டியதில்ல.

இன்னொன்னு, கண்ணு தெரியாதவங்க ஸ்கிரீன்ல இருக்கறத படிச்சிக் காட்டற சாஃப்ட்வேர (ஸ்கிரீன் ரீடர்) வச்சிக் கேப்பாங்க, போன்ல டாக்பேக், கம்ப்யூட்டர்ல என்விடிஏ மாதிரி. டேபிள்னு போட்டா அந்த சாஃப்ட்வேர் இங்க டேபிள் ஒன்னு இருக்கு, இத்தன ரோ, இத்தன காலம்னு சொல்ல ஆரம்பிக்கலாம். டேபிளுக்குள்ள டேபிள்னா கேக்கறவங்களுக்கு இன்னா புரியும்? மீன் விலை என்னன்னு தெரிஞ்சிக்க வந்தவங்க அவங்க, அவங்களும் காசு குடுத்து வாங்கற கஸ்டமருதான். இத நான் சின்ன விஷயமா நெனைக்கல.

மொதல்ல வெறும் விஷயத்த எழுதுங்க

ஸ்டைல்ஷீட் ஃபைலத் தொறக்காதீங்க. எச்டிஎம்எல்ல மட்டும், ஒருத்தருக்கு போன்ல சொன்னா எந்த வரிசையில சொல்லுவீங்களோ அந்த வரிசையில எழுதுங்க. ஹெடர் டேக்குல கடை பேரு, நாவ் டேக்குல மெனு, மெயின் டேக்குல விலையும் போட்டோவும், அசைடு டேக்குல டெலிவரி ஏரியா, ஃபுட்டர்ல போன் நம்பரும் அட்ரஸும். எச்டிஎம்எல் டேக்குல லாங்குன்ற இடத்துல டி ஏ ன்னு போட்டுடுங்க, அப்பதான் படிச்சிக் காட்டற சாஃப்ட்வேருக்கு இது தமிழ்னு தெரியும். ஹெட்ல மெட்டா டேக்ல சார்செட் யூடிஎஃப் 8 (இதுலயும் ஹைஃபன் உண்டு), அப்புறம் வியூபோர்ட் மெட்டா டேக் ஒன்னு, அதுல விட்த் ஈக்குவல் டு டிவைஸ் விட்த், இனிஷியல் ஸ்கேல் 1. இந்த வியூபோர்ட் வரிய விட்டுட்டா கீழ சொல்றது எதுவும் போன்ல ஒழுங்கா வராது, போன் பேஜ டெஸ்க்டாப் அகலத்துக்கு வரஞ்சி சுருக்கித்தான் காட்டும்.

இப்ப சேவ் பண்ணி போன்ல தொறங்க. அழகு இருக்காது, ஆனா மேல இருந்து கீழ ஒழுங்கா படிக்க வரும். போனுக்கு லேஅவுட் கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சுன்னே வச்சிக்கலாம்.

பெரிய ஸ்கிரீனுக்கு கிரிட்

ஸ்டைல்ஷீட்ல மொத வரியா எல்லாத்துக்கும் பாக்ஸ் சைசிங் பார்டர் பாக்ஸ் குடுத்துடுங்க, அகலத்துலயே பேடிங் அடங்கிடும், கணக்கு சுலபம். அடுத்து அட் மீடியா, மின் விட்த் 48 ஈஎம்னு ஒரு கட்டம் தொறங்க (ஈஎம், ரெம் ரெண்டும் எழுத்து சைஸ வச்சி அளக்கற அளவு). இதுக்கு வெளிய இருக்கறது எல்லாத்துக்கும், உள்ள இருக்கறது அகலமான ஸ்கிரீனுக்கு மட்டும். உள்ள பாடிக்கு டிஸ்ப்ளே கிரிட், கேப் 1.5 ரெம், கிரிட் டெம்ப்ளேட் காலம்ஸ்ல மொதல்ல மின்மேக்ஸ் 0 கமா 1 எஃப்ஆர் (கம்மியா எவ்ளோ, அதிகமா எவ்ளோன்னு சொல்றது), அப்புறம் 16 ரெம்.

எஃப்ஆர்னா இன்னான்னு தெரியாம காப்பி பண்ணாதீங்க. படகுல மீன் வித்த காசுல டீசல், ஐஸ் செலவ கழிச்சிட்டு மிச்சத்தத்தான பங்கு பிரிப்பாங்க, அதே கணக்குதான், மொதல்ல 16 ரெம்மையும் கேப்பையும் கழிச்சிடும், மிச்சம் இருக்கிற அகலத்தத்தான் எஃப்ஆருங்க பங்கு போட்டுக்கும். ஒரே ஒரு எஃப்ஆர் இருந்தா மிச்சம் முழுசும் அதுக்கே.

அடுத்து கிரிட் டெம்ப்ளேட் ஏரியாஸ். எனக்கு ரொம்பப் புடிச்ச பிராப்பர்ட்டி இது, ஏன்னா பேஜோட படத்த அப்படியே எழுத்துலயே வரையலாம், அதுவும் ஏரியா பேர தமிழ்லயே வைக்கலாம். சிஎஸ்எஸ்ல நாம வைக்கிற பேருங்க இங்கிலீஷ்ல இருக்கணும்னு சட்டம் ஒன்னும் கெடையாது, ஃபைல யூடிஎஃப் 8-ல சேவ் பண்ணா போதும். இப்படி எழுதுங்க, கோட்ஸோட:

"தலை தலை"
"மெனு மெனு"
"விலை பக்கம்"
"அடி அடி"

அப்புறம் ஹெடருக்கு கிரிட் ஏரியா தலை, நாவுக்கு மெனு, மெயினுக்கு விலை, அசைடுக்கு பக்கம், ஃபுட்டருக்கு அடி. ஒரே பேரு பக்கத்துல பக்கத்துல ரெண்டு வாட்டி வந்தா அந்தப் பகுதி ரெண்டு காலத்தையும் எடுத்துக்கும், கால்ஸ்பேன் பண்ணின வேலதான், ஆனா எச்டிஎம்எல்ல கை படல. நாளைக்கு டெலிவரி ஏரியாவ இடது பக்கம் வேணும்னு கேட்டாங்கன்னா மூனாவது வரியில "பக்கம் விலை"ன்னு மாத்தி, காலம் அகலத்தையும் இடம் மாத்திப் போட்டா முடிஞ்சிது. தடைக்காலப் பட்டைய மட்டும் ஹெடருக்குள்ளயே ஒரு பாராவா வச்சிடுங்க, தனியா பாடில விட்டா கிரிட் அதுக்கு தானா ஒரு எடம் தேடி கடைசியில கொண்டு போய் வைக்கும். இப்படி இடம் மாத்தும்போது ஒன்னு ஞாபகம் வச்சிக்கணும், கண்ணுக்குத்தான் வரிசை மாறும், டேப் கீ அழுத்தினாலும் ஸ்கிரீன் ரீடர் படிச்சாலும் எச்டிஎம்எல்ல எழுதின வரிசையிலதான் போகும், அதனால ரொம்பத் தாறுமாறா மாத்திடாதீங்க.

மெனுவுக்கு கிரிட் தேவையில்ல. டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ் ரேப் ரேப், ஒரு கேப், முடிஞ்சிது. ஒரே வரிசையா போற விஷயத்துக்கு ஃப்ளெக்ஸ், ரோ காலம் ரெண்டும் ஒன்னா பாக்கணும்னா கிரிட்.

மீன் போட்டோங்களுக்கு, அதச் சுத்தி இருக்கிற யூஎல்லுக்கு (லிஸ்ட் டேக்) டிஸ்ப்ளே கிரிட் குடுத்து காலம்ஸ்ல ரிபீட், ஆட்டோ ஃபிட், மின்மேக்ஸ் 10 ரெம் கமா 1 எஃப்ஆர்னு போடுங்க. போன்ல ஒன்னோ ரெண்டோ, டேப்ல மூனு நாலு, மானிட்டர்ல இன்னும் ஜாஸ்தின்னு அதுவே எண்ணி வச்சிக்கும், மீடியா கொயரியே (மேல போட்ட அட் மீடியா கட்டம்) வேணாம். நெத்திலி போட்டோ புதுசா ஒன்னு சேத்தா எல்லாம் தானா நகந்துக்கும். டேபிள்ல இதே வேலைக்கு அடுத்த ரோவுல இருந்து ஒவ்வொரு செல்லையும் தள்ளிக்கினே போகணும்.

தமிழ் பேஜுக்குன்னே இருக்கிற சிக்கலு

இங்கிலீஷ் டுடோரியல் பாத்து அப்படியே பண்றவங்க மாட்டறது இங்கதான். தமிழ் வார்த்தை நீளம். "தண்டையார்பேட்டையிலிருந்து"ன்னு ஒரே வார்த்தை, பெரிய எழுத்துல ஹெட்டிங்கா போட்டா சின்ன போன் அகலத்தத் தாண்டிடும், பேஜ் முழுக்க பக்கவாட்டுல ஆடும். கிரிட்ல வெறும் 1 எஃப்ஆர் போட்டா அந்தக் காலம் உள்ள இருக்கிற நீளமான வார்த்தைக்குக் கீழ சுருங்க மாட்டேன்னு அடம் புடிக்கும், அதனாலதான் மேல மின்மேக்ஸ் 0 போடச் சொன்னேன். கூடவே பாடிக்கு ஓவர்ஃப்ளோ ரேப் எனிவேர் குடுத்துடுங்க, வேற வழியே இல்லாதப்ப மட்டும் வார்த்தைய ஒடச்சி கீழ எறக்கும். இதே காரணத்தால பட்டனுக்கும் மெனு பெட்டிக்கும் பிக்சல்ல ஹைட்டு விட்த் ரெண்டும் ஃபிக்ஸ் பண்ணவே கூடாது, பேடிங் மட்டும் குடுங்க. லைன் ஹைட்ட 1.6-1.7 கிட்ட வைங்க, நம்ம எழுத்துல மேல சுழி, கீழ வால்னு ரெண்டு பக்கமும் எடம் வேணும், 1.2-ல விட்டா மேல் வரியோட "ழு"வும் கீழ் வரியோட "கீ"யும் முட்டிக்கும். லைன் ஹைட்டுக்கு யூனிட் போடாம வெறும் நம்பரா குடுங்க, ஹெட்டிங் சைஸ் மாறும்போது அதுவும் கூடவே மாறும்.

விலைப்பட்டியல டேபிளாவே விடுங்க

இது ரொம்ப முக்கியம், ஏன்னா டேபிள் தப்புன்னு யாரோ சொல்லிக் கேட்டுட்டு நெஜமான பட்டியலையும் டிவ் டிவ்வா (டிவ்னா அர்த்தம் எதுவும் இல்லாத வெறும் பெட்டி) ஒடச்சி வைக்கறவங்க இருக்காங்க. அது டேபிள் லேஅவுட்ட விட மோசம், படிச்சிக் காட்டற சாஃப்ட்வேருக்கு 480 எந்த மீனோட விலைன்னே தெரியாமப் போயிடும்.

டேபிள் தொறந்த உடனே கேப்ஷன் போடுங்க, "இன்னைய விலை, கிலோவுக்கு ரூபாயில". அப்புறம் டிஹெட்டுக்குள்ள (தலைப்புப் பகுதி) ஒரு டிஆர், அதுல மீன், முழுசா, சுத்தம் பண்ணினது, இருப்புன்னு நாலு டிஎச் (தலைப்பு செல்), ஒவ்வொன்னுக்கும் ஸ்கோப் கால். டிபாடியில ஒவ்வொரு ரோவிலயும் மொத செல், அதாவது மீன் பேரு, அதுவும் டிஎச்தான், ஸ்கோப் ரோ. மத்ததெல்லாம் டிடி. இவ்ளோ பண்ணா போதும், கேக்கறவங்களுக்கு "சங்கரா, சுத்தம் பண்ணினது, 480"ன்னு சேத்தே வரும்.

அழகு எல்லாம் ஸ்டைல்ஷீட்ல. பார்டர் கொலாப்ஸ் கொலாப்ஸ், செல்லுக்கு பேடிங் 0.5 ரெம், நம்பர் காலத்துக்கு டெக்ஸ்ட் அலைன் எண்ட், ஃபான்ட் வேரியன்ட் நியூமெரிக் டேபுலர் நம்ஸ், ஃபான்ட்ல அந்த வசதி இருந்தா எல்லா டிஜிட்டும் ஒரே அகலத்துல நேரா நிக்கும், 480-க்கு கீழ 1,150 வந்தாலும் ஒரு பார்வையில ஒப்பிட்டுடலாம். பழைய கோடுல செல்பேடிங், பிஜிகலர், விஅலைன்னு இருந்தா எல்லாத்தையும் அழிச்சிடுங்க, பேடிங், பேக்கிரவுண்ட் கலர், வெர்டிகல் அலைன் அந்த வேலைய பாத்துக்கும்.

போன்ல டேபிள் அகலம் பத்தலைன்னா டேபிள ஒரு டிவ்வுக்குள்ள வச்சி அந்த டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஆட்டோ குடுங்க, பட்டியல் மட்டும் பக்கவாட்டுல நகரும், பேஜ் நகராது. கீபோர்டு மட்டும் வச்சிருக்கறவங்களும் நகத்தணும்ல, அதனால டிவ்வுக்கு டேப்இண்டெக்ஸ் 0-வும் சேத்துக்கோங்க. டிஆரையும் டிடியையும் டிஸ்ப்ளே பிளாக் ஆக்கி கார்டு மாதிரி அடுக்கற டிரிக் ஒன்னு சுத்திக்கினு இருக்கு, அத நான் பண்ண மாட்டேன், டிஸ்ப்ளேவ மாத்தினா சில பிரவுசருங்க அத டேபிள்னே எடுத்துக்காது. ஓவர்ஃப்ளோ ரேப் எனிவேர் இந்த டேபிளுக்குள்ள மட்டும் வேணாம், நார்மல்னு மாத்திடுங்க, இல்லன்னா காலம் ஒரு எழுத்து அகலத்துக்கு சுருங்கி வஞ்சிரம் செங்குத்தா நிக்கும்.

அக்கா விலைய பிரிண்ட் எடுத்து கடையில ஒட்டணும்னு கேட்டா, டிஹெட் ஒழுங்கா போட்டிருக்கறதால பட்டியல் ரெண்டு பக்கம் போனாலும் பெரும்பாலான பிரவுசருல தலைப்பு ரோ ரெண்டாவது பக்கத்துலயும் திரும்ப வரும். அட் மீடியா பிரிண்ட்டுக்குள்ள நாவுக்கும் போட்டோங்களுக்கும் டிஸ்ப்ளே நன் குடுத்துட்டா மை மிச்சம்.

லேஅவுட் டேபிள எடுக்க முடியாத ரெண்டு இடம்

ஒன்னு ஈமெயில். விண்டோஸ்ல இருக்கிற பழைய அவுட்லுக், 2007-ல இருந்து எச்டிஎம்எல் மெயில வேர்டோட இன்ஜின் வச்சித்தான் காட்டுது, அதுக்கு கிரிட்டும் தெரியாது ஃப்ளெக்ஸும் தெரியாது. அக்கா கம்பெனி கேன்டீனுங்களுக்கு வாராவாரம் விலை மெயில் அனுப்பறாங்கன்னா அந்த மெயிலோட கட்டமைப்ப டேபிள்லதான் கட்டணும், அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. இன்னொன்னு, யாரோ கட்டிக் குடுத்த பழைய சைட்டு, மொத்தமா மாத்த இப்ப நேரமும் காசும் இல்ல. ரெண்டு இடத்துலயும் லேஅவுட்டுக்காக இருக்கிற ஒவ்வொரு டேபிள் டேக்குலயும் ரோல் ஈக்குவல் டு பிரசன்டேஷன்னு சேத்துடுங்க, அதுல டிஎச்சும் கேப்ஷனும் போடாதீங்க. ஸ்கிரீன் ரீடர் அத டேபிள்னு சொல்லாம உள்ள இருக்கறத மட்டும் படிக்கும். உள்ள டேபிளுக்குள்ள டேபிள் இருந்தா ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா போடணும், நெஜமான விலைப்பட்டியலுக்கு மட்டும் போட்டுடாதீங்க.

பழைய பேஜ மாத்தறவங்களுக்கு

ஃபைல காப்பி எடுத்து வச்சிட்டு, வெளிய இருக்கிற பெரிய டேபிள்ல இருந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு செல்லுல இருக்கறதையும் வெட்டி அதுக்கான ஹெடர், நாவ், மெயின் டேக்குல ஒட்டுங்க, டேபிள், டிஆர், டிடி காலியானதும் அழிங்க, எடம் விடறதுக்குன்னு வச்சிருக்கிற ஸ்பேசர் படம், வரிசையா இருக்கிற என்பிஎஸ்பி (காலி இடம் விடற குறி) எல்லாத்தையும் தூக்கிடுங்க. நடுவுல பேஜ் அலங்கோலமா தெரியும், அதப் பாத்து பாதியில ஸ்டைல்ஷீட் எழுத ஒக்காந்துடாதீங்க, எச்டிஎம்எல் முழுசா சுத்தமானதுக்கு அப்புறம்தான் கிரிட்.

முடிச்சதும் ஃபயர்ஃபாக்ஸ்ல தொறந்து ஆல்ட் கீ அழுத்தினா மெனு வரும், வியூவுல பேஜ் ஸ்டைல், நோ ஸ்டைல். ஸ்டைல்ஷீட் இல்லாமயும் வரிசையா படிக்க வருதான்னு பாருங்க. டெவலப்பர் டூல்ஸ்ல அகலத்த 320 பிக்சலுக்கு எறக்கிப் பாருங்க, பேஜ் பக்கவாட்டுல ஆடுச்சின்னா எந்தப் பெட்டி வெளிய நீட்டிக்கினு இருக்குன்னு இன்ஸ்பெக்ட் பண்ணி அதோட ஃபிக்ஸ் பண்ண விட்த்த எடுங்க. மவுஸ விட்டுட்டு டேப் கீ மட்டும் வச்சி மெனுவுல இருந்து போன் நம்பர் வரைக்கும் போய் வாங்க. அப்புறம் சர்வர்ல ஏத்தினதுக்கு அப்புறமும் அக்கா போன்ல பழைய மாதிரியே தெரியுதுன்னு சொன்னாங்கன்னா பதறாதீங்க, பிரவுசர் பழைய ஸ்டைல்ஷீட்ட கேஷ்ல (சீக்கிரம் தொறக்க போன்லயே சேத்து வைக்கிற இடம்) வச்சிருக்கும், லிங்க் டேக்குல ஸ்டைல்ஷீட் பேருக்குப் பின்னாடி கேள்விக்குறி போட்டு வி ஈக்குவல் டு 2-ன்னு சேத்து மறுபடி ஏத்துங்க, புதுசு வந்துடும்.